காயப்பட்ட காடும் நம் கருணையும்

கனி நிறைந்த மரமொன்றின் அடியில் பசியோடு வந்து நின்ற அறுவரின் கதையை அறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் இரார். முதலாமவன் மரத்தை வேரோடு பெயர்க்கலாம் என்றான். இரண்டாமவன் அடிமரத்தை வெட்டலாம் என்றான். மூன்றாமவனுக்குப் பெருங்கிளைகளும், நான்காமவனுக்குச் சிறு கிளைகளும் போதுமாயிருந்தன. ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவனோ, தாமே உதிர்ந்து கிடப்பவையே நம் பசிக்குப் போதுமே என்றான். கிருஷ்ண லேசியை முதல் சுக்கில லேசியை ஈறாக உயிரின் பரிணாமங்கள் ஆறனையும் விளக்க இதனினும் எளிய கதை இல்லை.

ஆயினும் இக்கதையைக் கேட்கும் குழந்தைகள் சில வேளைகளில் ஒரு வினாவை எழுப்புவதுண்டு: "அந்த மரத்தில் குருவிக்கூடு இருந்ததா?" கதை மனிதனின் உள்ளத்தை அளக்க வந்தது, ஆகவே கூட்டைப் பற்றிப் பேச வேண்டிய தேவை அதற்கு இல்லை. எனினும் குழந்தையின் வினா தள்ளத்தக்கதன்று. பெருங்கிளைகளை வெட்டிக்கொண்டு மூன்றாமவன் போய்விட்டான் என்றே கொள்வோம். பாதி மரம் நிற்கிறது. அதில் சில பறவைகள் இன்னும் வாழ்கின்றன. அதன்பின் அவ்வழியே வருகிற நாம் அந்தப் பாதி மரத்துக்கும் அப்பறவைகளுக்கும் கடமைப்பட்டவர்களா? "இது முன்னமே கெட்டுவிட்டது, இனி வெட்டினால் என்ன?" என்று கேட்பது முறையாகுமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். இது கற்பனை வினா அன்று. உலகின் வெப்பமண்டல மழைக்காடுகளில் மிகப் பெரும் பரப்பு இன்று இத்தகைய பாதி மரமாகவே நிற்கிறது.

போர்னியோவின் காடு

மலேசியா, இந்தோனேசியா, புருனை என்னும் மூன்று நாடுகளுக்கும் உரிய பெருந்தீவு போர்னியோ. அதன் வடபகுதியில் உள்ள சபா மாநிலம் மலேசியாவைச் சேர்ந்தது. அங்குள்ள தாழ்நிலக் காடுகளில் ஓங்கி நிற்பவை, நம் சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். வர்த்தமானர் கேவல ஞானம் எய்தியது சால மரத்தின் அடியில் என்பதை நாம் அறிவோம். அம்மரத்தின் உறவினங்கள் போர்னியோவில் அறுபது மீட்டரையும் கடந்து வளர்கின்றன. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 2019ஆம் ஆண்டு அளக்கப்பட்ட ஒரு மரம் நூறு மீட்டருக்கும் மேல் உயரமுடையதாய் இருந்தது.

இம்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுதும் ஒருங்கே பூத்து ஒருங்கே விதை உதிர்க்கின்றன. அவ்விதை நெடுநாள் உறங்கிக் கிடப்பதுமில்லை. விரைவில் முளைக்க வேண்டும், அன்றேல் அழிய வேண்டும். ஆகவே தாய்மரம் வெட்டப்பட்ட இடத்தில் அதன் வழித்தோன்றல் எழுவது அரிதாகிறது.

இக்காட்டில் மரம் எடுப்பவர்கள் எல்லா மரங்களையும் வெட்டுவதில்லை. குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட, விலை போகும் மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுகின்றனர். இதனைத் தேர்வு வெட்டு என்பர். சொல்லளவில் இது மூன்றாமவனின் செயலைவிட மென்மையாகவும் தோன்றலாம். நடைமுறை வேறு. பெருமரம் ஒன்று சாயும்போது கொடிகளால் அதனோடு பிணைந்த அண்டை மரங்களையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. அதனை இழுத்துச் செல்லப் புல்டோசர் வழி திறக்கிறது. அவ்வழியில் மண் இறுகுகிறது. மழைநீர் சேற்றை ஓடைக்குக் கொண்டு செல்கிறது. சபாவின் காடுகளில் ஒரு ஹெக்டேரில் நூறு கன மீட்டருக்கும் மேற்பட்ட மரம் எடுக்கப்பட்ட இடங்கள் உண்டு. அதனோடும் நில்லாமல், காடு தேறுமுன்னரே 2001க்கும் 2007க்கும் இடையில் சில பகுதிகள் இரண்டாம் முறையும் வெட்டப்பட்டன.

தங்கியவர் யார், நீங்கியவர் யார்?

இவ்வாறு இருமுறை வெட்டுண்ட காட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? ஒன்றும் இராது என்றே நாம் எண்ணுவோம். டேவிட் எட்வர்ட்ஸ், டேவிட் வில்கோவ் முதலிய ஆய்வாளர்கள் சபாவில் இதனை நேரில் ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். வெட்டப்படாத காட்டில் கண்ட பறவை இனங்களிலும் சாண வண்டு இனங்களிலும் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவை, இருமுறை வெட்டப்பட்ட காட்டிலும் இருந்தன என்பதே அவர்கள் கண்டது. அறிஞர் பலரும் எதிர்பாராத செய்தி இது.

ஆனால் இச்செய்தியின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஃபிராங்க் லாம்பர்ட் என்பவர் 1992ஆம் ஆண்டே சபாவில் வெட்டப்பட்டு எட்டாண்டுகள் கழிந்த காட்டை வெட்டப்படாத காட்டோடு ஒப்பிட்டு எழுதினார். பெரும்பாலான இனங்கள் அங்கும் காணப்பட்டன. எனினும் தீக்காக்கை இனங்கள், மரங்கொத்திகள், ஈப்பிடிப்பான்கள், நிலத்தருகே உலவும் சிறு சிலம்பன்கள் ஆகியவை குறைந்திருந்தன. தேன் உண்பனவும், கிடைத்த கனியைக் கொத்தித் தின்பனவுமாகிய பறவைகள் மிகுந்திருந்தன.

இதன் காரணத்தைச் சற்று எண்ணிப் பார்த்தால் நமக்கே விளங்கும். மழைக்காட்டின் அடித்தளம் எப்போதும் இருளும் ஈரமும் உடையது. உதிர்ந்த இலைகளின் கீழ்ப் பூச்சிகள் நிறைந்திருக்கும். அவற்றைக் கிளறி உண்டு வாழும் ஆறுமணிக்குருவி இனங்களும் சிலம்பன்களும் அந்த இருளுக்கே பழகியவை. மேற்கவிகை திறந்து வெயில் உள்ளே விழுந்தால் சருகு காய்கிறது, இரை குறைகிறது. அகன்ற வண்டிப்பாதையின் வெளிச்சத்தைக் கடந்து அப்பால் போகவும் இவற்றுள் சில துணிவதில்லை. நமக்கு இருபது அடி வழி. அவற்றுக்கோ அது கடக்கவொண்ணா எல்லை. அதே வெளிச்சத்தில் கொடிகளும் செடிகளும் பூத்துக் காய்க்க, தேன்சிட்டுகளும் சின்னான்களும் மகிழ்ந்து பெருகுகின்றன.

இருவாச்சியின் நிலை தனிப்பட்டது. முட்டையிடும் பருவத்தில் பெண் இருவாச்சி பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். சிறு பிளவின் வழியே ஆண் பறவை கனி கொணர்ந்து ஊட்டும். ஆகவே அக்குடும்பம் வாழப் பொந்துடைய பெருமரம் ஒன்றும், ஆண்டு முழுதும் கனி தரும் அத்தி மரங்கள் பலவும் வேண்டும். உள்ளே பொந்து விழுந்த மரம் வணிகனுக்கு ஆகாது. அதனால் அது சில வேளை கோடரிக்குத் தப்புகிறது. ஆனால் இன்று பருத்து நிற்கும் மரங்கள் அனைத்தும் எடுக்கப்பட்டுவிட்டால், ஐம்பது ஆண்டுக்குப் பின் பொந்து விழுவதற்கு முதிர்ந்த மரம் எங்கிருந்து வரும்? இருவாச்சி இனங்களுள் தலைமேல் திண்ணிய கொண்டை தாங்கிய ஓர் இனம், அக்கொண்டைக்காகவே வேட்டையாடப்பட்டு, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. மரம் ஏற்ற வெட்டிய பாதை வேட்டைக்காரனுக்கும் வழியாகிறது.

ஒருதலைக் காட்சியின் பிழை

இங்கு நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். மேற்கண்ட உண்மைகளிலிருந்து இருவேறு பிழையான முடிவுகளுக்கு மக்கள் செல்கின்றனர்.

முதற்சாரார், "முக்கால்வாசிப் பறவைகள் இருக்கின்றனவே, மரம் வெட்டுவதால் தீங்கில்லை" என்பர். இவர்கள் எண்ணிக்கையை மட்டும் கண்டவர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்விடத்தில் நமக்குப் பாடமாகும். மரம் வெட்டும் அளவு கூடக் கூடப் பாலூட்டிகளின் இன எண்ணிக்கையும் தவளை முதலியவற்றின் இன எண்ணிக்கையும் குறைந்தன. பறவை இனங்களின் மொத்த எண்ணிக்கையோ கூடியது! காட்டுக்கே உரிய பறவைகள் நலிய, எங்கும் வாழவல்ல பறவைகள் உள்ளே வந்து தொகையை நிரப்பிவிட்டன. ஒரு வீட்டிலிருந்து முதியோர் இருவர் வெளியேற, விருந்தினர் மூவர் வந்து தங்கினால், குடும்பம் வளர்ந்துவிட்டது என்று கணக்கெழுதுவோமா? 138 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய மற்றொரு தொகுப்பு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. மனிதனின் தலையீடுகளுள் தேர்வு வெட்டே தீங்கு குறைந்தது என்று அது கண்டது. எனினும் தொன்மைக் காட்டுக்கு ஈடாவது வேறொன்றும் இல்லை என்பதே அதன் முடிவு.

இரண்டாம் சாரார், "காட்டின் கற்பு போயிற்று, இனி அது காடன்று, அதை அழித்துத் தோட்டம் ஆக்கினால் இழப்பில்லை" என்பர். இவர்களே அதிக அஞ்சத்தக்கவர்கள். ஏனெனில் இக்கருத்துக்குப் பின்னால் பொருள் இருக்கிறது. சபாவிலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் வெட்டுண்ட காடுகள் பல, 'சீர்கெட்ட நிலம்' என்று பெயரிடப்பட்டு, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின. மலேசியாவில் தொன்மைக் காட்டை எண்ணெய்ப்பனை ஆக்கினால் காட்டுப் பறவை இனங்களில் நூற்றுக்கு 77 பங்கு மறைகிறது. முன்பே வெட்டுண்ட காட்டை அவ்வாறு மாற்றினாலும் 73 பங்கு மறைகிறது என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறிற்று. இவ்விரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் உள்ளன என்பதை அன்பர்கள் உற்று நோக்குக. 'கெட்டுப்போன' காட்டை அழிப்பதும் கெடாத காட்டை அழிப்பதும் பறவைகளுக்கு ஏறத்தாழ ஒரே பேரிடர்.

இரு சாராரும் ஒவ்வொரு நயத்தைப் பற்றிக்கொண்டு அதுவே முழு உண்மை என்கின்றனர். வெட்டுண்ட காடு ஒரு நோக்கில் பெரிதும் இழந்தது. மற்றொரு நோக்கில் பெரிதும் தாங்கி நிற்பது. இரண்டும் மெய். அநேகாந்தம் என்பது வாதத்தில் வெல்வதற்குரிய கருவி மட்டும் அன்று. இத்தகைய இடங்களில் உயிர்களைக் காக்கும் நெறியும் அதுவே என்பது நம் கருத்து.

வழுக்கியவரை நிறுத்தல்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணம் ஒன்று. நெறியினின்றும் வழுக்கியவரை இகழ்ந்து ஒதுக்காது மீண்டும் நிலைநிறுத்துவது அது. வாரிஷேண முனிவரின் வரலாற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விரதத்தில் ஒருமுறை தவறியவனை, "இவன் இனி எக்கேடு கெட்டால் என்ன" என்று நாம் விடுவதில்லை. நோயுற்ற உடலைக் கண்டு அருவருத்தல் கூடாது என்பதும் அவ்வெட்டனுள் ஒன்றே. மனிதருக்குக் காட்டும் இப்பண்பைக் காயப்பட்ட நிலத்துக்கும் அங்குத் தங்கிய உயிர்களுக்கும் காட்டலாகாதா?

இவ்வொப்புமையில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வழுக்கியவன் தானே தவறியவன். காடு தவறியதன்று, தவறிழைக்கப்பட்டது. மேலும், காடு என்பது ஓர் உயிரன்று. ஓரறிவு முதல் ஐந்தறிவு வரையிலான எண்ணிறந்த உயிர்கள் கூடி வாழும் இடம். ஆனால் இக்குறைகள் நம் கடமையைத் தளர்த்துவன அல்ல. தானே தவறியவனுக்கே கைகொடுக்கக் கடமைப்பட்டோம் என்றால், பிறர் செயலால் துன்புற்ற உயிர்களுக்கு அக்கடமை இரட்டிப்பாகும். வெட்டுண்ட காட்டில் எஞ்சியிருக்கும் தீக்காக்கைக்குத் தன் வீடு 'சீர்கெட்ட நிலம்' என்று ஏட்டில் எழுதப்பட்டிருப்பது தெரியாது. அதன் உயிர் அதற்கு முழுமையானது.

நம் வாசற்கதவும் அடுப்பும்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள், நமக்கென்ன என்று சில அன்பர்கள் கருதலாம். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். உறவினர் ஒருவர் புதுமனை கட்டியபோது கதவு நிலைகளுக்கு மரம் வாங்க அவருடன் மரக்கடைக்குச் சென்றோம். தேக்கின் விலை கேட்டு மலைத்து நின்ற எங்களுக்குக் கடைக்காரர் 'மலேசியா சால்' என்ற மரத்தைக் காட்டினார். கனமான, செந்நிறம் கலந்த, நல்ல மரம். "எந்தக் காட்டு மரம்?" என்று கேட்டோம். "கப்பலில் வருவது ஐயா, காடு யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. மரம் வாங்கப்பட்டது. அந்நிலையின் கீழ் நின்று புதுமனை புகுவிழாவில் மங்கலம் கூறியவர்களுள் நாமும் ஒருவர். அன்று முதல் இவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை.

அடுப்பங்கரைக்கும் வருவோம். உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் நம் நாடு முன்னணியில் உள்ளது. தமிழகத்து நியாய விலைக் கடைகளில் 2007 முதல் சிறப்புத் திட்டத்தின் கீழ் அது வழங்கப்படுகிறது. பிஸ்கட்டிலும் சோப்பிலும் அது உண்டு. புலால் கலவாதது என்ற அளவில் நாம் மனநிறைவு கொள்கிறோம். புலால் கலவாதது வேறு. கொலை கலவாதது வேறு. எண்ணெயில் இரத்தம் தெரிவதில்லை என்பதால் அதன் பின்னே அழிந்த கூடுகள் இல்லை என்று ஆகிவிடாது.

இல்லறத்தார்க்கு இம்சையை நால்வகையாய்ப் பகுத்தனர் முன்னோர். எண்ணிச் செய்யும் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்க வேண்டும். சமையல், வீடு, தொழில், தற்காப்பு ஆகியவற்றால் நேரும் பிற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். மரம் வாங்குவதும் எண்ணெய் வாங்குவதும் சங்கற்ப இம்சை ஆகா. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வழியாகவும் வினை வந்து சேரும் என்று அறிந்த நாம், "நான் வெட்டவில்லையே" என்று கூறி ஒதுங்க இயலாது. காடு வெட்டி விற்கும் தொழிலை இல்லறத்தார் விலக்கத்தக்க கொடுந்தொழில்களுள் வைத்து எண்ணிய மரபு நம்முடையது. அத்தொழிலைச் செய்யாதிருப்பவர், அதன் பயனை மட்டும் கேள்வியின்றிப் பெறுவது எவ்வாறு பொருந்தும்?

அதேவேளை, பாமாயிலை ஒரே சொல்லில் பழித்துவிடுவதும் ஒருதலைக் காட்சியே. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை ஆண்டுக்கு மூன்று டன்னுக்கும் மேல் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன் அளவே தரும். அனைவரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் வேறெங்கோ பன்மடங்கு நிலம் உழப்பட நேரும். ஏழைக் குடும்பத்துக்குத் தாளிக்க எண்ணெய் கிடைப்பதும் ஓர் அறமே. மலேசியாவில் சில ஏக்கர் பனை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சிறு விவசாயியும் நம்மைப் போன்ற இல்லறத்தானே. ஆகவே நம் எதிர்ப்பு அந்தப் பயிருக்கு அன்று. நிற்கும் காட்டை, அது காயப்பட்ட காடாயினும், இனியும் அழித்துப் பயிரிடுவதற்கே.

இயன்றவை சில

நாம் செய்யத்தக்கவை சிறியவை, ஆயினும் செய்யத்தக்கவை. அளவுக்கு மீறிப் பொரித்துண்பதைக் குறைத்தல் உடலுக்கும் நன்று, விரதத்துக்கும் நன்று. கடலையும் எள்ளும் விளையும் ஊர்களில் வாழும் நம்மவர் செக்கெண்ணெயை மறவாதிருக்கலாம். வீடு கட்டுவோர் பழைய வீடுகளின் நிலைகளையும் கதவுகளையும் செப்பனிட்டுப் பயன்படுத்தலாம். நம் வேம்பும் பலாவும் தோட்டத்துத் தேக்கும் எந்த மண்ணில் வளர்ந்தன என்று கேட்டறியலாம். ஆலயத் திருப்பணிகளில் இதனை முதலில் மேற்கொண்டால் பிறருக்கு வழிகாட்டியாகும். விற்பவரிடம் "எந்தக் காடு?" என்று கேட்கும் வழக்கத்தையேனும் நாம் விடாதிருக்க வேண்டும். ஒருவர் கேட்டால் வணிகர் நகைப்பார். நூறு பேர் கேட்டால் விடை தேடுவார்.

காயப்பட்ட காடு தேறும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சபாவின் ஊலு செகாமா, மாலுவா காடுகளில் 2007ஆம் ஆண்டு இறுதியோடு மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அப்பகுதியில் 1992 முதலே கன்றுகள் நட்டு, கொடிகளை அகற்றிக் காட்டை மீட்கும் பணி நடந்து வந்துள்ளது. தானே தேறவிட்ட காடு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 2.9 டன் கரியைத் தன்னுள் சேர்க்க, கைகொடுத்து மீட்கப்பட்ட காடு 4.4 டன் சேர்த்தது என்று 2020ஆம் ஆண்டு ஆய்வாளர் அறிவித்தனர். நம் ஆனைமலையிலும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத் துண்டுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டு மரக்கன்றுகள் நட்டு மீட்டு வருகின்றனர். தானே விடப்பட்ட துண்டுகளைவிட, இவ்வாறு மீட்கப்பட்ட துண்டுகளில் மழைக்காட்டுப் பறவைகள் நன்கு மீண்டு வருவதாக அங்கு நடந்த ஆய்வு கூறுகிறது. நிலைநிறுத்தல் என்பது ஏட்டுச் சொல் அன்று என்பதற்கு இதுவே சான்று.

மரத்தடியில் நின்ற அறுவரின் கதைக்கே மீள்வோம். அவர்கள் அனைவரும் முழு மரத்தின் முன் நின்றவர்கள். நமக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. நமக்கு முன்னே வந்தவர்கள் வெட்டிச் சென்ற மரத்தின் முன் நாம் நிற்கிறோம். இருப்பதையும் விறகாக்கலாம் என்று எண்ணுவதும் ஒரு பரிணாமம்; தளிர்க்கும் வரை காத்து, வேருக்கு நீர் வார்த்து, அதில் மிஞ்சிய கூட்டைக் கலைக்காமல் செல்வதும் ஒரு பரிணாமம். இவற்றுள் எது எந்த லேசியையின் நிறம் என்பதை நம் குழந்தைகள் நன்கறிவர். அவர்கள் கேட்கும் குருவிக்கூட்டுக்கு நாம் விடை சொல்லும் காலம் இது.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.